பதிவேட்டில் ஏறிய புத்தாண்டு கேக்

1954 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை. காலை நாலே முக்காலுக்கு எழுந்தேன். கிணற்றிலிருந்து பதினான்கு வாளி இறைத்துத் தொட்டியை நிரப்பினேன். ஆறே காலுக்குக் காப்பியும், முந்தின நாள் ரொட்டி இரண்டு துண்டும். ஏழு மணிக்குச் சவரம். ஏழே முக்காலுக்குக் கிளம்பி, வாய்க்கால் பாலத்தைத் தாண்டி, எட்டு மணிக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது பியூரோவின் ஆவண அறையைத் திறந்தேன். அலுவலகத்தை நாங்கள் பியூரோ என்றுதான் சொல்வோம். பன்னிரண்டுக்கு வீட்டில் சாப்பாடு, இரண்டரைக்குத் திரும்பவும் பியூரோ. ஐந்து மணிக்கு, வரப்பெற்ற பொருள்களின் பதிவேட்டில் அந்த ஆண்டின் கடைசிப் பதிவுக்குக் கீழே சிவப்பு மையால் இரட்டைக் கோடு போட்டேன். ஐந்தரைக்குப் பூட்டினேன்.

பூட்டிய பிறகு நேராக வீட்டுக்குப் போகவில்லை. எங்கள் தெருக்கோடி ரொட்டிக் கடைக்குப் போனேன். பகல் ரொட்டியெல்லாம் எடுத்துவிட்ட பிறகு அந்த விறகடுப்பில் மிச்சம் இருக்கும் சூடு, கேக்குக்குச் சரியான சூடு. டிசம்பர் கடைசி இரண்டு வாரங்களில் தெருவில் உள்ள பெண்கள் எல்லோரும் வீட்டில் மாவு கலந்து, தகரப் பாத்திரத்தில் ஊற்றி, அங்கேதான் கொடுத்துவிட்டு வருவார்கள். அவரவர் தகரத்துக்கு அவரவர் அடையாளம். எங்களுடையதற்குக் கைப்பிடியில் சிவப்பு நூல். என் மனைவி மூன்று மணிக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததை நான் ஐந்தே முக்காலுக்கு வாங்கிக்கொண்டேன். தகரம் துணி வழியாகவும் சுட்டது.

அது விவிக்கம். ரவையை வெண்ணெயில் வறுத்து, முட்டையும் சர்க்கரையும் அடித்துச் சேர்த்து, ஒரு மாதமாக ரம்மில் ஊறிய திராட்சை, முந்திரி, ஆரஞ்சுத் தோல் எல்லாம் கலந்து செய்வது. எங்களைப் போன்ற கிறிஸ்தவக் குடும்பங்களில் அது கிறிஸ்துமசுக்கு ஒன்று, வருடப் பிறப்புக்கு ஒன்று. வருடப் பிறப்புக் கேக் எங்களுக்கு அல்ல. அது என் மேலதிகாரிக்கு.

வருடத்தின் முதல் நாள் பூசை முடிந்ததும் பியூரோவில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் மேலதிகாரியின் வீட்டுக்குப் போவார்கள். கையில் ஓர் எலுமிச்சம்பழம், ஒரு மாலை, வீட்டுப் பெண்கள் செய்த ஏதாவது ஒன்று. “போன்னானே” என்று பிரெஞ்சு மொழியில் வாழ்த்துச் சொல்ல வேண்டும். அவர் கை குலுக்குவார். அவருடைய மனைவி ஒரு சின்ன கிளாசில் ஒயின் கொடுப்பாள். ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வந்துவிடலாம். அதை யாரும் பரிசு என்று நினைத்ததில்லை. அது ஒரு வருகைப்பதிவு மாதிரி. ஒரு வருடம் காய்ச்சலால் ஒரு குமாஸ்தா போகாமல் இருந்துவிட்டார். எங்கள் மேலே உனக்கு என்ன கோபம் என்று அவர் வீட்டுக்கே ஆள் அனுப்பிக் கேட்டார்கள்.

கேக் அவளுடைய வேலை, பெட்டி என்னுடைய வேலை. ஒவ்வொரு டிசம்பரிலும் நான் அட்டை வெட்டிப் பெட்டி செய்வேன். அந்த வருடப் பெட்டி நீளம் முப்பத்திரண்டு சென்டிமீட்டர், அகலம் இருபத்து நான்கு, உயரம் பன்னிரண்டு. வெளியே நீலத் தாள், ஓரங்களில் வெள்ளித் தாள், மூடியில் கத்தரித்து ஒட்டிய எட்டு முனை நட்சத்திரம். முந்தைய வருடங்களில் பெட்டி இதைவிடச் சிறியது. ஏனென்றால் கேக் சிறியது. எப்போதும் பன்னிரண்டு முட்டை. இந்த முறை பெரிய மார்க்கெட்டிலிருந்து பதினெட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். டிசம்பர் 28ஆம் தேதிக்கு எதிரே என் நாட்குறிப்பில் “பதினெட்டு முட்டை போடச் சொன்னேன்” என்று இருக்கிறது. ஏன் என்று எழுதவில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் எழுதும் பழக்கம் உள்ளவன் நான்.

நவம்பர் முதல் தேதி பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியது. எங்கள் பிரெஞ்சு மேலதிகாரி அந்த மாதமே ஊருக்குப் போய்விட்டார். மூன்றாவது வாரத்தில் மதராசிலிருந்து புதியவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும், ஒல்லியான மனிதர், தமிழர். நெற்றியில் பட்டையாகத் திருநீறு. பியூரோவின் மாடியிலேயே தனியாகக் குடியிருந்தார். வந்த பத்தாம் நாள் ஒரு சுற்றறிக்கை. தற்காலிகமாக வேலை பார்ப்பவர்களில் யாரை நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம், யாரை அனுப்பிவிடலாம் என்று அவர் ஒரு பட்டியல் தயாரித்து ஜனவரி 3, திங்கட்கிழமை மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். எங்கள் பியூரோவில் தற்காலிகம் மூன்று பேர். இரண்டாவது பெயர் என்னுடையது. பதினோரு வருடமாக நான் தற்காலிகம். வயது நாற்பத்து நான்கு. பிரெஞ்சும் தமிழும் எழுதத் தெரியும், இங்கிலீஷ் தெரியாது. இந்த வேலை போனால் வேறு எந்தக் கதவைத் தட்டுவது என்று எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு.

அன்று இரவு பெட்டியில் கேக்கை வைக்கும்போது மனைவி கேட்டாள்.

“என்னாங்க, இந்தப் புது ஆளுக்கும் தூக்கிக்கினு போவணுமா? அவரு கேக்கு துன்ற ஆளு மாதிரி தெரியலயே.”

“போவலன்னா கோவம்னு நெனச்சுப்பாரு.”

“அவருக்கு இந்த வழக்கமே தெரியாதே. தெரியாதவருக்கு எப்பிடிக் கோவம் வரும்?”

 நாடாவைக் கட்டி முடிச்சு போட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. பூசை ஏழு மணிக்கு முடிந்தது. எட்டு மணிக்கு வெள்ளைக் கால்சட்டையும் கோட்டும் போட்டுக்கொண்டு பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திப் போனேன். பியூரோ வாசலில் பியூன் நின்றிருந்தார். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்த பழைய ஆள், என்னைப் பிரெஞ்சு வழக்கப்படி ‘முசே’ என்றுதான் கூப்பிடுவார். மாடிக்குப் போய் அப்போதுதான் இறங்கியிருந்தார்.

“முசே, நான் எலுமிச்சம்பழத்தோட நிறுத்திக்கினேன். அத வாங்கி மோந்து பாத்துட்டு, ரசத்துக்கு ஆவும்னு சொன்னாரு. நீங்க இன்னா, தேரையே தூக்கிக்கினு வந்துட்டீங்க?”

“வருசா வருசம் கொண்டாறதுதானே.”

“வருசா வருசம் இத்தினி பெரிசா இருக்காதே” என்றார் பியூன். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் படியேறினேன்.

மேலதிகாரி வேட்டி கட்டிக்கொண்டு, தரையில் பாய் விரித்து, செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழுந்து நின்றார். நான் பெட்டியை நீட்டினேன்.

“போன்னானேங்க சார்.”

“அப்படின்னா?”

“புது வருஷம் நல்லா இருக்கணும்னு.”

“சந்தோஷம். பெட்டியில என்ன?”

“கேக்குங்க. வீட்டுல செஞ்சது.”

“எனக்கு எதுக்கு?”

பதினோரு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. பெட்டி என் கையில்தான் இருந்தது. அவர் வாங்கவில்லை.  

“வழக்கமுங்க. மேல இருக்கறவங்களுக்குக் குடுக்கறது.”

“எல்லா வருஷமும் இதே மாதிரி கொடுப்பீங்களா?”

“ஆமாங்க” என்றேன்.

அவர் செய்தித்தாளை மடித்துப் பாயில் வைத்தார். பிறகு மெதுவாகத்தான் பேசினார், அதட்டவில்லை.

“திங்கட்கிழமை நான் ஒரு லிஸ்ட் அனுப்பணும். அதுல உங்க பேர் இருக்கு. அது உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியுங்க.”

“தெரிஞ்சும் கொண்டுவந்திருக்கீங்க.”

“மன்னிச்சுக்குங்க சார். திருப்பி எடுத்துட்டுப் போயிடறேன்.”

“எடுத்துட்டுப் போனா? நீங்க பெட்டியோட படியேறினதைத் தெருவே பார்த்திருக்கும். வெறுங்கையோட இறங்கினீங்களா, பெட்டியோட இறங்கினீங்களான்னு நாளைக்கு யார் சாட்சி சொல்லுவா? இங்க என்னை அனுப்பறப்பவே எச்சரிச்சு அனுப்பினாங்க. நான் முப்பது வருஷம் சர்வீஸ்ல ஒருத்தர்கிட்ட ஒரு வாழைப்பழம் வாங்கினதில்லை. வாங்க, கீழ போவோம். எழுதி வெச்சுடுவோம். எனக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.”

எழுதி வைப்பது என்றால் என் ஆவண அறையில், என் பதிவேட்டில். விடுமுறை நாளில் நானே சாவி போட்டுத் திறந்தேன். முந்தின நாள் போட்ட சிவப்புக் கோட்டுக்குக் கீழே 1955 என்று எழுதி, எண் ஒன்று என்று போட்டேன். அந்த வருடத்தின் முதல் பொருள் அதுதான். பதிவேட்டின் தலைப்புகள் பிரெஞ்சில் இருந்தன. ஒவ்வொன்றையும் நான் தமிழில் சொல்ல, அவர் கேள்வி கேட்க, பதிலை நான் பிரெஞ்சில் எழுதினேன். பியூன் பார்சல் நிறுக்கும் தராசை எடுத்து வந்தார்.

“ரெண்டு கிலோ முன்னூத்தி அம்பதுங்க” என்றேன்.

“ராத்தல்ல சொல்லுங்க. மேல இருக்கறவங்களுக்கு ராத்தல்தான் புரியும்.”

கணக்குப் போட்டேன். ஐந்து ராத்தல் மூன்று அவுன்ஸ்.

“உள்ளே என்னென்ன இருக்கு?”

“ரவைங்க, வெண்ணெய், சர்க்கரை, முந்திரி, திராட்சை, ஆரஞ்சுத் தோலு. முட்டை.”

நாடா முடிச்சை அவிழ்க்கப் போன கையை அவர் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “முட்டையா?”

“பதினெட்டுங்க.”

எண்ணிக்கையை அவர் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். பியூன் என் காலைத் தன் காலால் லேசாக அழுத்தினார்.

“வேற?”

நான் பியூனைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரம்முங்க. கால் புட்டி.”

மதராசில் அப்போது மதுவிலக்கு. அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்குத் தைரியமாக இருந்திருக்கும். கோபம் இல்லை. பயம்தான் இருந்தது. ஒரு சைவர், மதுவிலக்கு உள்ள ஊரிலிருந்து வந்த அதிகாரி, வந்து இரண்டு மாதம் ஆவதற்குள்ளேயே, கீழே வேலை பார்ப்பவன் கொண்டுவந்த சாராயப் பண்டத்துக்கு முன்னால் நிற்கிறார். அதை அவர் வெளியே சொல்லவில்லை. எனக்குத்தான் அப்படித் தோன்றியது.

“பெட்டி அட்டை எங்க வாங்கினது?”

“வாங்கலீங்க. கழிச்சுக் கட்டின பழைய ரெஜிஸ்தர் அட்டைங்க. ரெண்டு.”

“யாரோட ரெஜிஸ்தர்?”

“நம்ம பியூரோவுதுங்க.”

பிரெஞ்சுக்காரர் காலத்தில் பழைய அட்டைகளை எரிப்பதற்கு முன்னால் வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். அதையும் சொன்னேன். அதற்கு எழுத்தில் உத்தரவு இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. நான் சொன்ன ஒவ்வொரு உண்மைக்கும் பதிவேட்டில் இன்னொரு வரி கூடியது. கொடுத்தவர் பெயர் என்ற இடத்தில் என் பெயர். காப்பாளர் கையொப்பம் என்ற இடத்திலும் நான்தான். பியூன் நாடாவின் முடிச்சில் அரக்கு உருக்கி ஊற்ற, மேலதிகாரி முத்திரை வைத்தார். பெட்டியை மர அலமாரியின் கீழ்த்தட்டில், நிலவரைபடங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினேன்.

“திங்கட்கிழமை காலைக்குள்ள ஒரு விளக்கம் எழுதிக் கொடுங்க. தமிழ்லயே எழுதுங்க, நான் இங்கிலீஷ்ல மாத்தி வெச்சுக்கறேன்” என்று சொல்லிவிட்டு, கிணற்றடிக்குப் போய்க் கை கழுவினார்.

வீட்டில் மனைவி வெற்றுக் கையோடு வந்த என்னைப் பார்த்துச் சிரித்தாள். “வாங்கிக்கினாரா? நான் சொன்னனே, வாசன புடிச்சா எவனும் விடமாட்டான்.”

நடந்ததைச் சொன்னேன். அவள் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

“என் கேக்க கவர்மெண்டு பூட்டி வெச்சிருக்கா?”

“ம்.”

“ஒரு துண்டாவது அறுத்துப் பாத்தாரா?”

“இல்ல.”

“அறுக்காமயே கேசா? நல்லா இருக்குதுன்னோ இல்லன்னோ யாராவது சொல்லணுமே, மாதாவே!” என்றாள். அவளுக்கு அதுதான் முதல் வருத்தம். இரண்டாவது வருத்தம் பிறகு வந்தது. சாப்பாடு பரிமாறும்போது, வீட்டுக்காரரிடம் வாடகைக்கு மார்ச் வரைக்கும் அவகாசம் கேட்கலாமா என்று சாதாரணமாகக் கேட்டாள். அப்போதுதான் அவளும் அந்தப் பட்டியலையே நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு விளக்கம் எழுத உட்கார்ந்தேன். முதல் பத்தி எளிது. புத்தாண்டு வழக்கம், எத்தனை வருடமாக நடக்கிறது, யார் யார் செய்வார்கள். பொருள்களின் அளவை எழுதினேன். அட்டையைப் பற்றி எழுதினேன். பிறகு, “ஒவ்வொரு வருடமும் இதே போலக் கொடுத்து வந்தேன்” என்று எழுத வேண்டிய இடம் வந்தது. பேனா நின்றுவிட்டது.

அவர் கேட்டபோது ஆமாம் என்று சொன்னது நினைவுக்கு வந்தது. அந்தக் காலையில் நான் சொன்னவற்றில் அது ஒன்றுதான் பொய். ஒவ்வொரு வருடமும் இதே போல அல்ல. பன்னிரண்டு முட்டை, சின்னப் பெட்டி. இந்த வருடம்தான் பதினெட்டு. நாட்குறிப்பை எடுத்துப் பழைய டிசம்பர்களைப் புரட்டினேன். எல்லாம் பன்னிரண்டுதான், 1948இல் மட்டும் மார்க்கெட்டில் முட்டை கிடைக்காமல் பத்து.

நாலு மணிக்கு மனைவி வந்து எட்டிப் பார்த்தாள்.

“இன்னும் முடியலயா? கேக்குல இருந்ததைவிட அதிகமா எழுதறீங்க.”

சொன்னேன்.

“போன வருசம் எத்தினி முட்டைன்னு அவருக்கு யாரு சொல்லப் போறாங்க? உடைச்சவ நானு. நான் வாயத் தொறக்க மாட்டேன்.”

“பியூனுக்குப் பெட்டி சின்னதா இருந்தது தெரியும்.”

“அவரு உங்க காலத்தான் மிதிப்பாரு, கழுத்த மிதிக்க மாட்டாரு. எழுதி முடிங்க.”

“ஏன் பதினெட்டு போடச் சொன்னேன்னு எனக்கே தெரியல. அதுதான் கஷ்டமா இருக்கு.”

அவள் கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள். “எனக்குத் தெரியும். அன்னைக்கே தெரியும். நான்தான் கேக்கல. அந்தக் காயிதம் வந்ததுலேர்ந்து ராத்திரியில எழுந்து எழுந்து தண்ணி குடிக்கிறீங்க. பயந்துட்டீங்க. பயந்தவங்க பெரிசாத்தான் குடுப்பாங்க.”

எனக்கு அது கண்ணாடியில் முகம் பார்த்த மாதிரி இருந்தது. அவளைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. பட்டியலுக்காகக் கொடுத்தேனா? இல்லை என்று சத்தியம் செய்ய முடியவில்லை. ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை. பட்டியல் இல்லாவிட்டாலும் போயிருப்பேன். ஆனால் பன்னிரண்டு முட்டையோடு போயிருப்பேன். இடையில் இருந்த அந்த ஆறு முட்டைகளுக்கு என்ன பெயர் வைப்பது? ஆறு மணிக்கு விளக்கை ஏற்றிக்கொண்டு கடைசிப் பத்தியை எழுதினேன். அதன் நகல் என்னிடம் இருக்கிறது:

“ஒவ்வொரு வருடமும் இதே போலவா என்று கேட்டதற்கு ஆமாம் என்று கூறினேன். அது சரியல்ல. முன்பெல்லாம் பன்னிரண்டு முட்டையில் செய்தது. இந்த வருடம் அளவைக் கூட்டச் சொன்னவன் நானே. என் மனைவிக்கு இதில் பொறுப்பு இல்லை. வேலையைப் பற்றிய பயத்தால் அளவைக் கூட்டச் சொன்னேன் என்று இப்போது எண்ணுகிறேன். பதிலுக்கு எதையும் கேட்டுக் கொடுக்கவில்லை.”

மனைவி அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். முடிந்ததும் உலையை இறக்கப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை எட்டு மணிக்குக் காகிதத்தைக் கொடுத்தேன். மேலதிகாரி நின்றுகொண்டே படித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து எனக்கு முன்னால் வைத்தார். இங்கிலீஷில் ஐந்தாறு வரி, கீழே அவருடைய கையெழுத்து.

“இது நேத்து ராத்திரி நான் எழுதினது. படிக்கத் தெரியாதில்லையா, நான் சொல்றேன். விசாரிச்சேன், இது இந்த ஊர் வழக்கம், பல வருஷமா ஒரே மாதிரி நடக்கறது, தவறான நோக்கம் இல்லை, பொருளைத் திருப்பிக் கொடுத்துடலாம். இவ்வளவுதான். உங்க விளக்கத்தை இதோட சேர்த்துத் தைச்சு மூடியிருப்பேன்.”

அவர் என் விளக்கத்தை மறுபடி கையில் எடுத்தார்.

“பியூனைக் கூப்பிட்டுக் கேட்டேன். பதினோரு வருஷமா இப்படித்தான்னார். பியூரோவுக்கு எதிர்வீட்டு அம்மாவைக் கேட்டேன், அவங்களும் அதேதான் சொன்னாங்க. நீங்க ஏன் இந்தக் கடைசிப் பத்தியை எழுதினீங்க?”

“அது நடந்ததுங்க சார்.”

“நடந்ததுதான். இப்ப இதை வெச்சுக்கிட்டு நான் ஒரே மாதிரின்னு எப்படி எழுதறது? இதைக் கிழிச்சுப் போட்டா நான் பொய்யன். கிழிக்காம அனுப்பினா உங்க பேரை மத்த பேரோட அனுப்ப முடியாது.”

கிழித்துவிடுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். அவரும் ஒரு கணம் அதற்காகக் காத்திருந்தார் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். எனக்கு வாய் வரவில்லை. அவர் தாமாகவே தம்முடைய தாளை நான்காகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

“உங்களைக் கெட்டவர்னு நான் நினைக்கலை. அதுதான் எனக்குச் சிரமமா இருக்கு” என்றார்.

பத்து மணி வரைக்கும் என் விளக்கத்தை அவரே இங்கிலீஷில் எழுதினார். எழுதியதைத் தமிழில் சொல்லிக் காட்டினார். எனக்குப் படிக்கத் தெரியாத பக்கத்தின் கீழே என் பெயரைப் போட்டேன். பட்டியல் இரண்டு பெயரோடு ஒரு தாளில் போனது. என் பெயர் தனித் தாளில், “மேலிடத்தின் முடிவுக்கு” என்ற குறிப்போடு போனது. பொருளும் முடிவு வரும்வரை முத்திரையோடு அப்படியே இருக்க வேண்டும் என்று உத்தரவு.

வராந்தாவில் பியூன் என்னை நிறுத்தினார்.

“முசே, நான் உங்களுக்காகப் பொய் சொன்னேன். எனக்கு இந்த வயசுல அது தேவையா? சொன்ன பொய்ய நீங்களே உடைச்சுட்டீங்களே. முட்டைய ஒடைக்கற மாதிரி.”

“யாரு உங்களச் சொல்லச் சொன்னது?”

“யாரு சொல்லணும்? ஒரே பியூரோவுல துன்னுக்கினு இருக்கோம்” என்று சொல்லிவிட்டு அவர் தண்ணீர்ப் பானையை எடுத்துக்கொண்டு போனார்.

முடிவு வர ஏழு மாதம் ஆனது. என்னை வைத்துக்கொண்டார்கள். ஆனால் புதிதாகச் சேர்ந்தவனாக. பதினோரு வருடச் சேவை சேராது என்று எழுதியிருந்தது. அப்போது என் மேலதிகாரி மாற்றலாகிப் போய்விட்டிருந்தார். கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டியவர் வேறொருவர். இதையெல்லாம் இப்போது எழுத முடிகிறது. அந்தத் திங்கட்கிழமை மாலை ஐந்தரைக்கு ஆவண அறையைப் பூட்டும்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். என்னைப் பற்றிய தாள் தபாலில் போய்க்கொண்டிருந்தது. அதற்குமேல் நான் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

வீட்டில் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். மேலதிகாரி தம் தாளைக் கிழித்ததையும் மறைக்கவில்லை. மனைவி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நின்றது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“எந்தத் தட்டுல வெச்சிருக்கீங்க?” என்றாள்.

“எது?”

“கேக்கு.”

“அலமாரியில கீழ்த்தட்டு.”

“ரம்மு ஊத்துனது, ஆறு மாசம் ஆனாலும் கெடாது. ஆனா எறும்பு விடாது. பெட்டி எல்லாம் மைதாப் பசை. இன்னேரம் வரிசை கட்டியிருக்கும்.” மீண்டும் புடைக்க ஆரம்பித்தாள். “எறும்பு துன்னுட்டா நீங்க துன்னுட்டீங்கன்னு எழுதுவாங்க.”

அதை நான் யோசித்திருக்கவில்லை. முத்திரை உடையாமல் உள்ளே கேக் குறைந்திருந்தால், சாவி வைத்திருந்த ஆள் யார்? நான். காப்பாளர் கையொப்பம் யாருடையது? என்னுடையது. அன்று இரவு நாட்குறிப்பில் இதையும் எழுதினேன். காரணத்தோடு எழுதினேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. மனைவி சமையலறையிலிருந்து நான்கு மண் கிண்ணங்களைத் துணியில் கட்டிக் கொடுத்தாள். ஏழரைக்கே பியூரோவுக்குப் போனேன். அலமாரியைத் திறந்து, பெட்டியைச் சுற்றியிருந்த முப்பது நாற்பது எறும்புகளைக் கோழி இறகால் தட்டிவிட்டேன். முத்திரையைப் பார்த்தேன், முழுதாக இருந்தது. பியூன் வந்து அலமாரியை ஒவ்வொரு மூலையாகத் தோள் கொடுத்துத் தூக்க, நான் ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு கிண்ணத்தை வைத்து, விளிம்புக்கு ஒரு விரல் குறையத் தண்ணீர் ஊற்றினேன்.